எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத்திருமேனிகள்: ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது?

அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சென்னைக்கு வருகிறீர்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலச் செப்புத்திருமேனிகளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள். எந்த நாள் போவது, எவ்வளவு நேரம் ஆகும், எதை விடாமல் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். "பூசையில்லாமல் இருக்கிற சாமியைப் போய்ப் பார்க்கலாமா" என்று அம்மா தயங்குவதையும் சொன்னீர்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நாள். வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் வேண்டாம், அன்றெல்லாம் மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை 9.30 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். ஞாயிறும் பள்ளி விடுமுறைக் காலமும் கூட்டம் என்பதால் வார நாள் காலையே நல்லது. ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்ல விரும்புகிறேன். பஞ்சாங்கத்தைப் புரட்டி, வெள்ளியில் விழாத ஒரு பிரதோஷ நாளைத் தேர்ந்தெடுங்கள். மாதத்துக்கு இரண்டு வரும், தேடுவது கடினமில்லை. காலையில் அருங்காட்சியகம், மாலையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் இந்தத் திருமேனிகள் எதற்காகச் செய்யப்பட்டன என்பது முழுமையாகப் புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் இதுதான். கருவறையில் இருக்கும் மூலவர் கல், அவர் இடம் விட்டு அசைவதில்லை. வீதிக்கு வருபவர் உற்சவர். நோயாளி, முதியவர், கோயிலுக்கு உள்ளே அனுமதிக்கப்படாதவர் என எல்லோரும் தம் வாசலிலேயே காணும்படி வெளியே வருவதற்காக வார்க்கப்பட்டவை இந்தச் செப்புத்திருமேனிகள். கோயிலில் அவர்களை நாம் பட்டும் மாலையும் நகையும் அணிந்த கோலத்தில்தான் பார்க்கிறோம். முகமும் அபயக் கரமும் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. இடுப்பின் வளைவு, முழங்காலின் உறுதி, முதுகில் புரளும் சடை ஆகியவற்றை அலங்காரம் செய்யும் குருக்கள் மட்டுமே அறிவார். அருங்காட்சியகம் பட்டுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டுகிறது. ஆனால் அங்கே தீபம் இல்லை, நாதசுரம் இல்லை, ஆடி அசைந்து வரும் வாகனம் இல்லை. அந்தப் பாதியைக் கோயிலில்தான் பெற வேண்டும்.

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலை பக்கம்தான், ஆட்டோவில் ஐந்து பத்து நிமிடம். வளாகம் பெரிது. சிவப்புக் கட்டடங்கள் ஒவ்வொன்றும் உள்ளே வா என்று இழுக்கும். கன்னிமாரா நூலகமும் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கேதான் பெரும்பாலோர் வழிமாறிப் போகிறார்கள். முன்பக்கக் கட்டடத்தில் தொடங்கி, பாடம் செய்த விலங்குகள், திமிங்கல எலும்புக்கூடு என்று சுற்றி, கால் வலிக்கத் தொடங்கியபின், செப்புத்திருமேனிகள் இருக்கும் படிமக்கூடத்துக்கு வருவார்கள். அந்தக் களைப்பில் ஐம்பது நடராசரும் ஒரே நடராசராகத்தான் தெரிவார். நீங்கள் நேரே படிமக்கூடத்துக்கே போய்விடுங்கள். அது தனிக் கட்டடம். சீட்டு வாங்கும்போதே அது திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காகச் சில கூடங்களை அவ்வப்போது மூடுவார்கள், சிலைகளும் இடம் மாறும். அதனால் எது எந்த மாடியில் என்று நான் எழுதப் போவதில்லை. ஊர்ப்பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு காவலரிடம் கேளுங்கள், காட்டுவார். படம் எடுப்பதாக இருந்தால் அதற்கான கட்டணத்தையும் விதியையும் சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டரை மணி நேரம் படிமக்கூடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் இருப்பவை நூற்றுக்கணக்கில், ஆனால் நீங்கள் நின்று பார்க்க வேண்டியவை ஏழெட்டுதான். மற்றவற்றைக் கடந்து போவதில் குறையொன்றுமில்லை.

உள்ளே போகும்முன் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள், நடந்த கதை. 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை தமிழகத்துக்குள் வந்தது. அதற்குப் பின்னும் பல போர்கள் வந்தன. ஆபத்து நெருங்கும் செய்தி கேட்டதும் ஊராரும் குருக்களும் உற்சவர்களைக் கோயில் நிலத்துக்குள் குழி தோண்டி, மண்ணும் மணலும் இட்டுப் புதைத்தார்கள். நிலைமை சீரானதும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைதான். பல ஊர்களில் இடம் தெரிந்தவர்கள் திரும்பி வரவேயில்லை. நூற்றாண்டுகள் கழித்து வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும், திருப்பணிக்கு மண் எடுக்கும்போதும், ஏர் உழும்போதும் அவை வெளிப்பட்டன. 1851-இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்துக்கு, 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பெரும் வாசலாக அமைந்தது. மண்ணுக்குள் கிடைப்பதை மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றானது, அங்கிருந்து பல திருமேனிகள் இங்கே வந்து சேர்ந்தன. அதனால் விவரப் பலகையில் நூற்றாண்டைவிட ஊர்ப்பெயரை முதலில் படியுங்கள். திருவாலங்காடு, திருவெண்காடு, வேளாங்கண்ணி, கூரம், நாகப்பட்டினம். அந்தப் பெயர்கள் ஒரு வரைபடமாக மனத்தில் விரியும்.

முதலில் திருவாலங்காட்டு நடராசர். நான்கடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். 11-ஆம் நூற்றாண்டு என்பாரும் 12 என்பாரும் உண்டு. திருவாலங்காடு, நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் இரத்தின சபை, காரைக்காலம்மையார் தலையால் நடந்து சென்று ஆடலைக் கண்டு அமர்ந்த ஊர். ராசேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகளும் அங்கேதான் கிடைத்தன. இந்த நடராசருக்குத் திருவாசி இல்லை, எங்கோ தொலைந்துவிட்டது. நெருப்பு வட்டம் இல்லாததால் உடலின் கோடுகளைத் தடையில்லாமல் பார்க்க முடிகிறது. முன்னால் நின்று உடுக்கை, தீ, அபயம், வீசிய கை என்று எண்ணி முடித்ததும் நகர்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் போய், ஊன்றிய வலக்காலைப் பாருங்கள். முழங்கால் சற்றே மடங்கி, முழு உடலின் பாரத்தையும் வாங்கி, காலடியில் கிடக்கும் அசுரன் முயலகன் முதுகில் இறக்குகிறது. மேலே கைகளும் தூக்கிய காலும் அத்தனை வேகத்தில் இருக்க, முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. அந்த முகத்துக்கும் அந்தக் காலுக்கும் இடையே கண்ணை மேலும் கீழும் கொண்டுபோய்க்கொண்டே இருங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். 1917-இல் அவர் இறந்தபின் 1921-இல் அது அச்சானது. புகைப்படத்துக்கே அப்படி நின்றவர் அவர். நமக்கு நேரிலேயே நிற்க வாய்த்திருக்கிறது, பத்து நிமிடமாவது நிற்கலாம்.

அப்படியே கூரம் நடராசரைத் தேடிப் பாருங்கள். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள ஊர். சிறிய திருமேனி, பல்லவர் காலப் பாணி. இங்கே தூக்கிய கால் நாம் பழகிய மாதிரி உடலுக்குக் குறுக்கே நீளாமல், முழங்கால் மேலே எழும்பி நிற்கும். நம் கண்ணில் பதிந்திருக்கும் ஆனந்த தாண்டவ உருவம் ஒரே நாளில் பிறந்துவிடவில்லை என்பது இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விளங்கும். காலத்தை அடையாளம் காண இன்னொரு எளிய வழியும் உண்டு. பூணூல் வலது முன்கையின் மேலேறிப் போனால் பெரும்பாலும் பல்லவ மரபு. சோழர் காலத்தில் அது மார்பிலேயே வழிந்து இறங்கிவிடும். விசயநகர காலத்துக்கு வரும்போது மூக்கு கூர்மையாகும், முழங்கால் சில்லு துருத்தும், நகைகள் விறைப்பாகும். பெரிய பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் பலகையைப் பார்க்காமலே காலத்தை ஊகிக்கத் தொடங்கிவிடும்.

எனக்கு இந்தக் கூடத்தில் மிகவும் நெருக்கமானது திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். மூன்றடிக்குச் சற்றுக் கூடுதலான உயரம், 11-ஆம் நூற்றாண்டு. வலப்பாதி இறைவன், இடப்பாதி இறைவி. ஆண் பக்கம் இரண்டு கைகள், பெண் பக்கம் ஒரு கை, ஆக மூன்றே கைகள். கல்லில் செதுக்கும் அர்த்தநாரியில் நடுவே ஒரு கோடு கிழித்து இரண்டு பேரை ஒட்டியதுபோல் ஆகிவிடும் ஆபத்து உண்டு. இங்கே அந்தக் கோடு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. ஆண் தோளின் அகலம் பெண் இடுப்பின் வளைவாக எப்போது மாறியது என்று கண்ணுக்குப் பிடிபடாமல் ஒரே மூச்சில் இறங்குகிறது. கீழே ஆடையின் நீளமும் இரண்டு பக்கமும் வேறு, அதையும் கவனியுங்கள். முன் வலக்கை மடங்கி எதன் மேலோ சாய்ந்திருக்கிறது. அந்த 'எதன் மேலோ' காளை. காளை இப்போது இல்லை.

பிள்ளைகளுக்கான விளையாட்டு இங்கே தொடங்கலாம். ஒவ்வொரு திருமேனியிலும் காணாமல் போனது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வடக்குப்பனையூர் இராமர் தொகுதிக்கு வரும்போது அவர்களே சொல்லிவிடுவார்கள். இராமனின் இடக்கை உயர்ந்து எதையோ பிடித்திருக்கிறது, வலக்கை விரல்கள் எதையோ பற்றியிருக்கின்றன. வில்லும் இல்லை, அம்பும் இல்லை. கோயிலில் அவற்றைத் தனியே செய்து பொருத்துவார்கள். சீதையும் இலக்குவனும் உடன் நிற்க, அனுமன் சற்றே குனிந்து பணிவோடு நிற்கும் நிலையை மட்டும் தனியாகப் பாருங்கள். முதலாளி முன் நிற்கும் வேலையாளின் பணிவு அல்ல அது, பிரியமானவர் சொல்வதில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதே என்று நிற்கிற நிலை. பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அனுமனை வரையச் சொல்லுங்கள். வரைய உட்கார்ந்த பிள்ளை பார்க்கும் அளவுக்குப் படம் எடுக்கிற பெரியவர் பார்ப்பதில்லை.

பீடங்களையும் மறக்க வேண்டாம். தாமரைப் பீடத்துக்குக் கீழே சதுரப் பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கும். மரத்தண்டு செருகித் தோளில் ஏற்றுவதற்கும் வாகனத்தில் கட்டுவதற்கும் வைத்தவை அவை. திருவாசி பொருத்தும் முளைகளும் தெரியும். சில முகங்களில் மூக்கும் இதழும் மழுங்கியிருந்தால் அது வேலைக்குறை அல்ல. தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் பாலும் சந்தனமும் சாத்தித் தேய்த்துக் குளிப்பாட்டிய கைகளின் தடம். எங்கே பின்புறம் பார்க்க வழி இருக்கிறதோ அங்கே அவசியம் பின்னால் போங்கள். தலைக்குப் பின்னே சிரச்சக்கரம் என்னும் வட்ட அணி, அதற்குக் கீழே சுருள் சுருளாக முடி, முதுகில் தொங்கும் குஞ்சம். பட்டு மூடப்போகும் இடத்தையும் சிற்பி அதே கவனத்தோடுதான் செய்திருக்கிறார்.

எப்படிச் செய்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள். தென்னை ஓலைக் கீற்றை அளவாக மடித்து முகம், மார்பு, தொடை என்று அளந்துகொள்வார்கள். மெழுகின் மேல் காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, மேலும் மண் பூசிச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். பெரும்பகுதி செம்பு, அதோடு ஈயம், வெள்ளீயம் போன்றவை. ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், ஆகவே ஒரு அச்சில் ஒரே ஒரு திருமேனி. சோழர் காலத்து உற்சவர்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் இல்லாமல் முழுக்க உலோகமாகவே வார்க்கப்பட்டவர்கள். சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் இதே முறையில்தான் வார்க்கிறார்கள். குமுட்டியும் மண்ணும் மெழுகுமாக அந்தப் பட்டறைகளை ஒருமுறை பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நாகப்பட்டினத்துப் புத்தர்களைப் பலரும் கவனிக்காமல் போகிறார்கள், எனக்கு அது வருத்தம். முதலாம் இராசராசன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டின் அரசர் நாகையில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார். சிவன் திருவடியைத் தலையில் சூடியவன் என்ற பொருளில் சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். 1856 தொடங்கி சுமார் எண்பது ஆண்டுகளில் அந்தப் பகுதி மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை கையடக்கமானவை. உச்சியில் தீச்சுடர் போன்ற அமைப்பு இருக்கும் புத்தரைத் தேடுங்கள். தமிழ்நாட்டின் சமய வரலாறு நாம் நினைப்பதைவிட அகலமானது என்பதற்கு அந்தச் சின்னஞ்சிறு படிமங்கள் போதும்.

இதற்குள் மதியமாகியிருக்கும். அம்மாவை உட்கார வைத்து ஏதாவது சாப்பிட்டுவிட்டு, அமராவதிக் கற்களை மட்டும் பாருங்கள். கிருட்டிணை ஆற்றங்கரையில் இருந்த பௌத்தத் தூபியிலிருந்து வந்த வெளிறிய சுண்ணாம்புக்கல் பலகைகள். 1845-இல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்தவையும் இந்தத் தொகுதியில் உண்டு. ஒரு பகுதி லண்டனுக்குப் போய்விட்டது, மிஞ்சியதில் பெரும்பங்கு இங்கே. நளகிரி என்ற யானையின் கதையைச் செதுக்கிய வட்டப் பலகை ஒன்றே போதும். வட்டத்தின் ஒரு பக்கம் யானை மதம்பிடித்து ஆட்களை இழுத்து எறிகிறது, மாடத்தில் பெண்கள் அஞ்சி ஒதுங்குகிறார்கள். மறுபக்கம் அதே யானை புத்தர் காலடியில் மண்டியிட்டிருக்கிறது. பிறகு பிள்ளைகள் திமிங்கலத்தைப் பார்க்கட்டும், அவர்கள் அவ்வளவு பொறுமை காத்ததற்கு அது அவர்கள் பங்கு.

இப்போது அம்மாவின் தயக்கம். ஆகம மரபில் ஒரு திருமேனியில் இறைவன் எழுந்தருள்வது, மந்திரம் சொல்லி அழைக்கும் ஆவாகனத்தால். திருப்பணி நடக்கும்போது மூலவரின் தெய்வ ஆற்றலான கலையைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயம் செய்வதை அம்மா பார்த்திருப்பார். அந்த நாட்களில் மூலவருக்குப் பூசை இருக்காது, அதனால் அவர் கேடு விளைவிப்பவராக ஆகிவிடுவதில்லை. ஆபத்துக் காலத்தில் திருமேனிகளை மண்ணில் மறைத்து வைப்பதற்கும் வைணவத்தின் வைகானச ஆகம மரபில் விதி உண்டு. ஆக, புதைத்தவர்கள் கைவிட்டுப் போனவர்கள் அல்லர், காப்பாற்ற முயன்றவர்கள். அவர்களால் முடிந்தவரை காத்ததைப் போய்ப் பார்ப்பதில் என்ன குற்றம் இருக்க முடியும்? அம்மாவுக்குக் கைகூப்பத் தோன்றினால் கூப்பட்டும், இரண்டு வரி மனத்துக்குள் பாடட்டும். அங்கே வந்து அப்படி நிற்பவர்கள் பலர் உண்டு. பூ, கற்பூரம், திருநீறு மட்டும் எடுத்துப் போக வேண்டாம். தொடவும் வேண்டாம், கைவியர்வை உலோகத்துக்குக் கெடுதல்.

அதன் பின் மயிலாப்பூருக்குக் கிளம்புங்கள். பிரதோஷ வேளை மாலை 4.30 முதல் 6 வரை, நான்கு மணிக்கே போய்விட்டால் நந்திக்கு அபிஷேகம் பார்க்க இடம் கிடைக்கும். கூட்டம் இருக்கும், அம்மாவைப் பிரகாரத்தில் ஓரமாக ஒரு மண்டபத்தில் உட்கார வைத்துவிடுங்கள், சுவாமி அவர் இருக்கும் இடத்துக்கே வருவார். ரிஷப வாகனத்தில் உற்சவர் பிரகாரம் சுற்றி வரும்போது பிள்ளைகளிடம் கேளுங்கள், காலையில் அர்த்தநாரியின் கைக்குக் கீழே இல்லாமல் போன காளை எது என்று. தண்டு தாங்குவோர் அடி எடுத்து வைக்கும் தாளத்துக்குத் திருமேனி அசைவதைக் கவனித்தால், பீடத்தில் பார்த்த வளையங்களுக்கும் அர்த்தம் வந்துவிடும். உங்கள் வீட்டில் வைணவப் பற்று அதிகம் என்றால் திருவல்லிக்கேணிக்குப் போகலாம். பார்த்தசாரதி உற்சவர் திருமுகத்தில் பீஷ்மரின் அம்புத் தழும்புகள் என்று சொல்லப்படும் வடுக்கள் உண்டு.

இது பிடித்துப்போனால் அடுத்த விடுமுறைக்குத் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம். திருவெண்காட்டில் 1950-களின் தொடக்கத்தில் மண்ணுக்குள் கிடைத்த ரிஷபவாகனர், அதாவது காளைமேல் கை ஊன்றி நிற்கும் சிவன், அங்கேதான் இருக்கிறார். பாம்புகளால் கட்டிய தலைப்பாகை போன்ற சடை, காளை மேல் ஊன்றுவதற்காக மடங்கிய கை, இங்கும் காளை இல்லை. 1011-ஐச் சேர்ந்த திருவெண்காட்டுக் கல்வெட்டு அவரைக் குறிப்பிடுவதால் காலம் உறுதியாகத் தெரிந்த அரிய திருமேனி அது. அடுத்த ஆண்டு செய்யப்பட்ட தேவியும் பக்கத்தில் இருக்கிறார். பார்வதியின் கையைப் பற்றி மணக்கோலத்தில் நிற்கும் சிவனான கல்யாணசுந்தரரையும் பாருங்கள், மணப்பெண்ணின் வெட்கத்தை உலோகத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். பெரிய கோயில் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், அந்த நேரத்தைக் கலைக்கூடத்துக்கு வைத்துக்கொண்டால் மாலை கோயிலுக்குச் சரியாக இருக்கும். மறுநாள் கையில் நேரம் இருந்தால் சீர்காழி வழியாகத் திருவெண்காட்டுக்கே போய்விடுங்கள். சிவனின் உக்கிர வடிவான அகோர மூர்த்தி அங்கே இன்றும் பூசையில் இருக்கிறார், அம்மாவுக்கு அந்தப் பயணம்தான் எல்லாவற்றையும்விடப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.